கரியைக் கேளுங்கள்: மம்சாபுரத்து வேதியியல் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

மம்சாபுரத்திலிருந்து ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் கிருஷ்ணன்கோவிலுக்கும் பஸ் ஏறி வேதியியல் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு,

இளங்கலை முடித்து முதுகலை இரண்டாம் ஆண்டுக்கு வந்ததும் உங்களில் சிலருக்கு ஆய்வுத் திட்டம் என்று ஒன்று வரும். வழிகாட்டி நான்கைந்து தலைப்புகளைச் சொல்வார். அவற்றில் ஒன்று அநேகமாக ‘நேரடி மெத்தனால் எரிபொருள் மின்கலத்துக்கான வினையூக்கித் தாங்கி’ என்று இருக்கும். தலைப்பைக் கேட்டதும் எல்லோருடைய கண்ணும் வினையூக்கியில், அதாவது பிளாட்டினத்தில், போய் நிற்கும். விலை அப்படி. தாங்கி என்ற சொல்லை யாரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை. அது வெறும் கரி. இந்த மடல் அந்தக் கரியைப் பற்றியது. விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்குக் கரியை அறிமுகப்படுத்தவேண்டியதில்லை என்பது இதை எழுதுபவரின் எண்ணம். சிவகாசிப் பட்டாசு மருந்துக் கலவை முதல் டீக்கடை அடுப்பு, இஸ்திரிப்பெட்டி வரை கரி இல்லாமல் இந்தப் பக்கம் எதுவும் நடந்ததில்லை.

முதலில் மெத்தனால். தமிழ்நாட்டில் அந்தச் சொல்லைச் சாதாரண மக்கள் கற்றுக்கொண்டது பாடப்புத்தகத்திலிருந்து இல்லை. 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பக்கங்களில் நடந்த கள்ளச்சாராயச் சாவுகளிலும், 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தபோதும் தொலைக்காட்சிச் செய்தியில் அடிபட்டு வீட்டுக்குள் வந்த சொல் அது. ஆகவே ‘மெத்தனாலில் கரண்டு எடுக்கிறோம்’ என்று வீட்டில் சொன்னால் அம்மாவின் முகம் மாறும். மாறவேண்டியதுதான். ஆனால் அந்தச் சாவின் வேதியியலும் இந்த மின்கலத்தின் வேதியியலும் ஒரே பாதையில் கொஞ்ச தூரம் சேர்ந்தே போகின்றன. கல்லீரல் மெத்தனாலை முதலில் ஃபார்மால்டிஹைடு ஆக்குகிறது, பிறகு ஃபார்மிக் அமிலம் ஆக்குகிறது. அதற்குமேல் வேகமாகப் போக முடியாமல் அங்கேயே தேங்குகிறது. தேங்கிய ஃபார்மிக் அமிலம் செல்கள் மூச்சு விடுவதைத் தடுக்கிறது. கண் நரம்பு முதலில் போகிறது. பிளாட்டினத்தின்மேல் மெத்தனால் விழுந்தாலும் பாதிவழியில் ஒரு தேக்கம் உண்டு. அங்கே தேங்குவது கார்பன் மோனாக்சைடு. அது பிளாட்டினத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, அடுத்த மெத்தனாலுக்கு இடம் கொடுக்காது. பாதி எரிந்து நிற்பதுதான் இரண்டிலும் விஷம்.

முழுதாக எரிந்தால் கணக்கு அழகானது. ஒரு மெத்தனால் மூலக்கூறும் ஒரு தண்ணீர் மூலக்கூறும் சேர்ந்து ஒரு கார்பன் டைஆக்சைடைக் கொடுத்து, ஆறு எலக்ட்ரான்களையும் ஆறு புரோட்டான்களையும் விடுவிக்கின்றன. புரோட்டான்கள் நடுவிலுள்ள நாஃபியான் என்ற பிளாஸ்டிக் சவ்வு வழியாக மறுபக்கம் போகின்றன. எலக்ட்ரான்கள் வெளிக்கம்பி வழியாகச் சுற்றிப் போய், போகிற வழியில் விளக்கை எரிக்கின்றன. மறுபக்கம் காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு எல்லோரும் சந்தித்துத் தண்ணீராகிறார்கள். ஏட்டுக்கணக்கில் கிடைக்கவேண்டிய மின்னழுத்தம் சுமார் 1.2 வோல்ட். நடைமுறையில் கிடைப்பது 0.3 முதல் 0.5 வோல்ட். மீதி எங்கே போனது என்பதைத் தேடித்தான் இந்தத் துறையில் அறுபது வருடமாக ஆட்கள் வேலை பார்க்கிறார்கள்.

ஒரு பகுதி கார்பன் மோனாக்சைடைக் கழற்றுவதில் போகிறது. அதற்கு மருந்து ருத்தேனியம். தண்ணீரிலிருந்து ஓ-எச் துணுக்கைக் குறைந்த மின்னழுத்தத்திலேயே பிடித்து வைத்துக்கொள்ளும் குணம் அதற்கு உண்டு. பக்கத்துப் பிளாட்டினத்தில் ஒட்டியிருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு அந்த ஆக்சிஜனைக் கொடுத்துக் கார்பன் டைஆக்சைடாக அனுப்பிவிடுகிறது. ஜப்பானின் வாதனபேயும் மோத்தோவும் 1975-ல் இதை விளக்கினார்கள். இன்னொரு பகுதி மெத்தனால் சவ்வைத் தாண்டி மறுபக்கம் கசிவதில் போகிறது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ரவிக்குமாரும் ஏ.கே. சுக்லாவும் 1996-ல் இந்தக் கசிவின் விளைவை அளந்து எழுதிய கட்டுரையை உலகம் முழுக்க மேற்கோள் காட்டுகிறார்கள். அந்தச் சுக்லாதான் பின்னாளில் செக்ரி எனப்படும் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராக வந்தார்.

இனி தாங்கிக்கு வரலாம். இதைப் புரிந்துகொள்ள நிலம் அளக்கும் சென்ட் கணக்கு போதும்.

ஒரு கிராம் பிளாட்டினத்தைச் சதுரக் கட்டியாக வார்த்தால் மூக்குத்திக் கல் அளவுக்குத்தான் வரும். பக்கம் 3.6 மில்லிமீட்டர். ஆறு முகத்தையும் கூட்டினால் முக்கால் சதுர சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. வேலை நடப்பது மேல்பரப்பில் மட்டும்தான். உள்ளே இருக்கும் அணுக்கள் எல்லாம் சும்மா உட்கார்ந்திருக்கும் பங்காளிகள். அதே ஒரு கிராமை 3 நானோமீட்டர் உருண்டைகளாக உடைத்தால் மேல்பரப்பு சுமார் 93 சதுர மீட்டர். அதாவது இரண்டேகால் சென்ட் மனை. பன்னிரண்டு லட்சம் மடங்கு பெருக்கம். வாங்கியது அதே ஒரு கிராம்தான்.

சிக்கல் என்னவென்றால், அந்த உருண்டைகளுக்குத் தனியாக இருக்கப் பிடிக்காது. விட்டால் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடும். பால்கோவா கிண்டுகிறவர் கரண்டியை நிறுத்தினால் என்ன ஆகும் என்று ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அதனால் ஒவ்வொரு உருண்டைக்கும் தனித்தனி இருப்பிடம் வேண்டும். அந்த இருப்பிடத்தைக் கொடுப்பதுதான் தாங்கி. அது மின்சாரத்தைக் கடத்தவேண்டும், அமிலத்தில் கரையக்கூடாது, மெத்தனால் உள்ளே வரவும் கார்பன் டைஆக்சைடுக் குமிழி வெளியே போகவும் வழி விடவேண்டும், பிளாட்டினத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளவும் வேண்டும். ஹைட்ரஜன் மின்கலத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு அரை மில்லிகிராமுக்கும் குறைவான பிளாட்டினத்தில் காரியம் முடிகிறது. மெத்தனால் மின்கலத்திலோ 2 முதல் 4 மில்லிகிராம் உலோகத்தைக் கொட்டுவது வழக்கமாக இருந்தது. அந்தச் செலவைக் குறைக்கும் பொறுப்பில் பெரும்பகுதி தாங்கியின் தலையில்தான்.

உலகம் முழுக்க ஆய்வகங்களில் ஒப்பீட்டுக்கு வைத்திருக்கும் தாங்கியின் பெயர் வல்கன் எக்ஸ்சி-72. அமெரிக்காவின் கேபட் நிறுவனம் செய்யும் புகைக்கரி அது. பிளாஸ்டிக்கை மின்கடத்தியாக்கப் போடும் சரக்கைத்தான் மின்வேதியியல்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். கிராமுக்குச் சுமார் 250 சதுர மீட்டர் பரப்பு, நம் கணக்கில் ஆறு சென்ட். அதன் ஒரு துகள் ஏறக்குறைய 30 நானோமீட்டர். மட்டை உரிக்காத தேங்காயின்மேல் நெல்லிக்காய்கள் ஒட்டியிருப்பதாக நினைத்துக்கொண்டால் அளவுப் பொருத்தம் சரியாக இருக்கும்.

இங்கே ஒரு கேள்வி எழவேண்டும். சிரட்டைக் கரியை நீராவியில் செயலூக்கினால் கிராமுக்கு 1000 சதுர மீட்டர் எளிதாக வருகிறதே, கால் ஏக்கர் நிலம் அது, அதை ஏன் வைத்துக்கொள்ளவில்லை? மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத் தென்னந்தோப்புகளைப் பார்த்தபடி பஸ்ஸில் போகிற எவருக்கும் வரவேண்டிய கேள்வி. மாவட்டத்தின் கிழக்குப் பக்கம் போனால் சீமைக்கருவேலம் கண்ணுக்கெட்டிய வரை நிற்கிறது. 2017-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை வெட்டி அகற்றச் சொல்லியும் நின்றுகொண்டிருக்கிறது. கரிமூட்டம் போடுகிறவர்கள் அதன் தூரைத் தோண்டி எடுத்து, அடுக்கி, வைக்கோலும் மண்ணும் பூசி, புகை போக ஓட்டை விட்டு, நாட்கணக்கில் காவல் இருந்து கரி எடுக்கிறார்கள்.

கொஞ்சம் விலகிப் போக அனுமதி வேண்டும். அந்த மூட்டத்துப் புகையில் போவதில் ஒரு பகுதி மெத்தனால். ராபர்ட் பாயில் 1661-ல் மெத்தனாலைப் பிரித்தெடுத்தது விறகைச் சுட்ட ஆவியிலிருந்துதான். வெகுகாலம் அதன் பெயரே மரச் சாராயம். மைசூர் சமஸ்தானத்தின் பத்ராவதி இரும்பாலை 1923-ல் வேலை தொடங்கியபோது கரியைக் கொண்டுதான் இரும்பு உருக்கியது; கரிக்காக விறகைச் சுட்ட பிரிவில் மெத்தனாலையும் சேர்த்துப் பிரித்தார்கள். ஒரே விறகிலிருந்து எரிபொருளும் தாங்கியும். இன்று மெத்தனால் இயற்கை வாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருகிறது, இந்தியா பெரும்பகுதியை இறக்குமதி செய்கிறது. கரிமூட்டத்துப் புகை கண்ணைக் கரிப்பதோடு சரி.

கால் ஏக்கர் கேள்விக்கு வருவோம். பரப்பு என்பது மொத்தக் கணக்கு. அந்த நிலம் எப்படித் துண்டுபட்டுக் கிடக்கிறது என்று பார்க்கவேண்டும். செயலூக்கிய சிரட்டைக் கரியின் பரப்பில் பெரும்பகுதி 2 நானோமீட்டருக்கும் குறுகலான நுண்துளைகளுக்குள் இருக்கிறது. 3 நானோமீட்டர் பிளாட்டினம் அதற்குள் நுழையாது; நுழைகிற அளவு சிறியது உள்ளே போய் அடைந்துகொண்டால் மின்வாயில் கலந்திருக்கும் நாஃபியான் அங்கே போய்ப் புரோட்டானை வாங்கிக்கொள்ள முடியாது. பாதை இல்லாத மனை மாதிரி. பத்திரத்தில் உண்டு, வண்டி போகாது. தண்ணீரிலிருந்து நாற்றத்தையும் குளோரினையும் பிடிக்கச் சிரட்டைக் கரி அருமையான சரக்கு. அந்த வேலைக்கு நுண்துளைதான் வேண்டும். மின்கலத்துக்கு வேண்டியது 2 நானோமீட்டருக்கும் 50 நானோமீட்டருக்கும் இடைப்பட்ட நடுத்தரத் துளை. கொரியாவின் ரியோங் ரியூ 1999-ல் சிலிக்காவை அச்சாக வைத்து, அதற்குள் சர்க்கரையைக் கரியாக்கி, பிறகு சிலிக்காவைக் கரைத்தெடுத்துச் சீரான நடுத்தரத் துளைகள் கொண்ட கரியைச் செய்து காட்டினார். ஆம், சர்க்கரை.

அடுத்தது மின்கடத்தல். மூட்டத்தில் வெப்பம் பொதுவாக 400, 500 டிகிரியோடு நின்றுவிடும். அந்தக் கரி கிட்டத்தட்ட மின்கடத்தாப் பொருள். 600-லிருந்து 900 டிகிரிக்குள் அதன் மின்தடை பல ஆயிரம் மடங்கு சரிகிறது. ஜப்பானில் பின்சோட்டான் என்று ஒரு விறகுக்கரி உண்டு. கடைசிக் கட்டத்தில் சுமார் 1000 டிகிரிக்கு ஏற்றி எடுப்பார்கள். ஒன்றோடொன்று தட்டினால் உலோகம்போல் ஒலிக்கும், மின்சாரமும் கடத்தும். கரிக்குக் கரி வித்தியாசம் என்பது மரத்தில் மட்டும் இல்லை, சூட்டிலும் இருக்கிறது.

இன்னும் சூடேற்றினால் கிராஃபைட் ஆகிவிடாதா? இங்கேதான் ரோசலின்ட் ஃபிராங்க்ளின் வருகிறார். டிஎன்ஏ படத்துக்காக எல்லோருக்கும் தெரிந்த அவர், அதற்கு முன்பு கரியை எக்ஸ் கதிரில் படித்துக்கொண்டிருந்தவர். கரிகள் இரண்டு குடும்பம் என்று 1951-ல் எழுதினார். ஒன்று சூடேற்ற ஏற்றக் கிராஃபைட்டாக அடுக்கிக்கொள்வது. மற்றது 3000 டிகிரிக்குப் போனாலும் குறுக்கும் நெடுக்குமாகவே நிற்பது. மரக்கரியும் சிரட்டைக் கரியும் இரண்டாம் குடும்பம். இரும்பு அல்லது நிக்கல் உப்பைச் சேர்த்து 1000 டிகிரிப் பக்கம் சூடேற்றினால் ஓரளவு கிராஃபைட் அடுக்கு வரும். ஆனால் பிறகு அந்த இரும்பைக் கழுவி எடுக்கவேண்டும். மிச்சமிருக்கும் இரும்பு, கலத்துக்குள் உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்ந்து நாஃபியான் சவ்வை அரிக்கும்.

கழுவுவது என்ற சொல் வந்துவிட்டது. ‘உயிர்க்கழிவிலிருந்து கரி’ என்று வரும் கட்டுரைகளில் மிகக் குறைவாகப் பேசப்படுவது சாம்பல்தான். சீமைக்கருவேலத்தின் தூர் மண்ணுக்குள் இருந்த பொருள். கால்சியம், பொட்டாசியம், சிலிக்கா, ஒட்டிய மண் எல்லாம் அதோடு வரும். அமிலத்தில் கழுவவேண்டும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவினால் குளோரைடு தங்கும். அது பிளாட்டினத்தின்மேல் ஒட்டி வேலையைக் கெடுக்கும். கழுவிய தண்ணீரில் சில்வர் நைட்ரேட் சொட்டு விட்டால் கலங்காமல் தெளிவாக நிற்கும்வரை கழுவவேண்டும். பள்ளிக்கூடத்தில் செய்த அதே சோதனை. சிலிக்காவுக்கு ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் என்று நூல்கள் சொல்லும். தேர்ந்த பாதுகாப்பு ஏற்பாடு இல்லாத எந்த ஆய்வகத்திலும் அதைத் தொடவேண்டாம். சூடான சோடியம் ஹைட்ராக்சைடு மெதுவாக என்றாலும் காரியத்தைச் செய்யும்.

இவ்வளவும் செய்து முடித்த நல்ல கரிக்கும் ஆயுள் உண்டு. கரி நிலையான பொருள் என்று நாம் நினைக்கிறோம். கீழடியில் எடுத்த கரித்துண்டு இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் மண்ணுக்குள் இருந்தது. மின்கலத்துக்குள் கதை வேறு. தண்ணீரோடு சேர்ந்து கார்பன் டைஆக்சைடாக மாற அதற்கு 0.2 வோல்ட்டுக்குச் சற்று மேலே இருந்தாலே போதும். காற்றுப் பக்கத்து மின்வாய் அதைவிட மிக அதிகமான மின்னழுத்தத்தில் இருக்கிறது. கரி உடனே எரிந்துபோகாமல் இருப்பதற்குக் காரணம் அந்த வினை சோம்பேறி என்பது மட்டும்தான். மேலே உட்கார்ந்திருக்கும் பிளாட்டினம் அந்தச் சோம்பலையும் கலைத்துவிடுகிறது. தாங்கியைத் தின்பதே அது தாங்குகிற பொருள்தான். மெத்தனால் பக்கத்தில் எரிபொருள் தீர்ந்துபோய்க் கலம் தலைகீழாகத் திரும்பும் நேரங்களில் நிலைமை இன்னும் மோசம். கரி அரிபட்டதும் பிளாட்டினம் கழன்று திரள்கிறது. ருத்தேனியம் தன் பங்குக்குக் கரைந்து சவ்வைத் தாண்டி மறுபக்கம் போய்ப் படிகிறது. அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தார் 2004-ல் இதைக் கண்டு எழுதினார்கள்.

தமிழ்நாட்டில் இந்த வேலை நடந்த இடங்கள் தொலைவில் இல்லை. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டி, 1953 பொங்கலன்று திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் ஒன்று. அதன் சென்னைப் பிரிவில் மெத்தனால் மின்கலச் சவ்வுகளிலும் மின்வாய்களிலும் நீண்டகாலம் வேலை நடந்தது. சென்னை ஐஐடியில் பேராசிரியர் பி. விஸ்வநாதனின் குழு இன்னொன்று. தாங்கி என்ற பொருளிலேயே ஊன்றி நின்றவர்கள் அவர்கள். அலுமினாச் சவ்வின் துளைகளுக்குள் ஒரு பாலிமரை ஊற்றிக் கரியாக்கி, அலுமினாவைக் கரைத்து நானோகுழாய்களை எடுத்தார்கள். 2005-ல் மையழகனும் விஸ்வநாதனும் வரதராஜுவும் வெளியிட்ட கட்டுரையில் அந்தப் பாலிமர் பாலிவினைல் பைரோலிடோன். அதில் நைட்ரஜன் உண்டு. கரியான பிறகும் குழாய்ச் சுவரில் நைட்ரஜன் தங்கியது. அந்த நைட்ரஜன் இருக்கும் இடங்கள் பிளாட்டினத்துக்குக் கொக்கி மாதிரி. உருண்டைகள் திரளாமல் சீராகப் பரவின. கடையில் கிடைத்த இ-டெக் மின்வாயைவிட மெத்தனாலில் அதிக மின்னோட்டம் வந்தது. 2008-ல் அதே மையழகனும் விஸ்வநாதனும் கரியையே விட்டுவிட்டு டங்ஸ்டன் ஆக்சைடு நானோதண்டுகளின்மேல் பிளாட்டினத்தை ஏற்றிப் பார்த்தார்கள். விஸ்வநாதனும் ஆலிஸ் சிபியோவும் சேர்ந்து எழுதிய எரிபொருள் மின்கல நூல் 2006-ல் வந்தது. உங்கள் கல்லூரி நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

மற்றத் தாங்கிகளைப் பற்றிச் சில வரிகள். டைட்டானியம் ஆக்சைடு அரிபடாது, ஆனால் கடத்தாது. அதன் தாதுவான இல்மனைட் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மணலாகவே கிடக்கிறது. டங்ஸ்டன் கார்பைடு பிளாட்டினம்போலவே நடந்துகொள்ளும் என்று 1973-ல் லெவியும் பூடாரும் எழுதினார்கள். கிராஃபீனைப் பற்றி உங்களுக்குச் சொல்லவே வேண்டாம், அது இல்லாத ஆய்வுத் திட்டம்தான் இப்போது அபூர்வம்.

இனிக் கொஞ்சம் கசப்பான பேச்சு. இந்தத் தலைப்பில் ஆண்டுதோறும் வரும் கட்டுரைகளுக்குக் குறைவில்லை. வாழைத்தண்டு, வேப்பிலை, நிலக்கடலைத் தோல், சிரட்டை என்று ஒவ்வொன்றையும் கரியாக்கி, அதன்மேல் பிளாட்டினம் ஏற்றி, அரை மோலார் கந்தக அமிலமும் ஒரு மோலார் மெத்தனாலும் கலந்த குவளையில் மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி ஒரு வளைகோடு எடுப்பார்கள். ஏறும்போது ஒரு மேடு வரும், இறங்கும்போது ஒரு மேடு வரும். முதலாவதை இரண்டாவதால் வகுத்து, விகிதம் கூடுதல் என்றால் ‘கார்பன் மோனாக்சைடு நஞ்சைத் தாங்கும் திறன் அதிகம்’ என்று எழுதிவிடுவார்கள். இறங்குமேடு என்பது ஒட்டியிருந்த கார்பன் மோனாக்சைடு எரிவது என்ற நம்பிக்கையில் நிற்கும் கணக்கு இது. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் யுயே டோங்கும் உடனிருந்தோரும் 2012-ல் இதைச் சோதித்து, இறங்குமேடும் புதிதாக வரும் மெத்தனாலின் எரிப்புத்தான், அந்த விகிதத்துக்கும் நஞ்சுத் தாங்கலுக்கும் சம்பந்தமில்லை என்று காட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகும் அந்த விகிதம் ஆய்வேடுகளில் உலவுகிறது. ஒருவர் எழுதியதைப் பார்த்து அடுத்தவர் எழுதுவது ஒரு காரணம். அதைச் சோதிக்க வேண்டிய கருவி பல கல்லூரிகளில் இல்லாதது இன்னொரு காரணம். இரண்டாவதற்கு மாணவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் குவளையில் பத்து நிமிடம் ஓடியது கலத்தில் ஆயிரம் மணி நேரம் ஓடுமா என்ற கேள்வியைக் கேட்கப் பெரிய கருவி வேண்டாம். மின்னழுத்தத்தை ஒரே இடத்தில் நிறுத்திவைத்து மின்னோட்டம் எப்படிக் குறைகிறது என்று மணிக்கணக்கில் பார்ப்பது எல்லா ஆய்வகத்திலும் முடிகிற காரியம். பிளாட்டினம் ஏற்றாத வெறும் கரியை 1 வோல்ட்டுக்கு மேலே வைத்து அது எவ்வளவு அரிபடுகிறது என்று பார்ப்பதும் முடியும். வல்கனைப் பக்கத்தில் வைத்து, அதே எடையில், அதே வினையூக்கி மையில், அதே நாளில் ஒப்பிடவேண்டும். ஊர்க்கரி தோற்றால் தோற்றது என்று எழுதவேண்டும். தோற்ற கரியைப் பற்றிய கட்டுரைகள் துறையில் மிகக் குறைவு. அதனால் ஒரே தோல்வியைப் பத்து ஊரில் பத்துப் பேர் பத்துமுறை செய்துகொண்டிருக்கிறார்கள்.

இந்த மின்கலத்துக்கு எதிர்காலம் உண்டா என்று அப்பா கேட்பார். உண்மையைச் சொல்லலாம். காரும் பஸ்ஸும் ஓட்டும் போட்டியில் இது இல்லை. அங்கே பாட்டரியும் ஹைட்ரஜனும் மோதிக்கொள்கின்றன. 2024 பிப்ரவரி 28 அன்று ஹைட்ரஜன் மின்கலத்தில் ஓடும் இந்தியாவின் முதல் உள்நாட்டுப் படகைப் பிரதமர் தூத்துக்குடியிலிருந்து தொடங்கி வைத்தார். கைபேசிக்கு மெத்தனால் மின்கலம் கொண்டுவர டோஷிபா 2009 அக்டோபரில் டைனாரியோ என்று 3000 எண்ணம் மட்டும் விற்றுப் பார்த்தது, பிறகு தொடரவில்லை. பிழைத்து நிற்பது ஜெர்மனியின் எஸ்எஃப்சி நிறுவனம். ஆளில்லாத கண்காணிப்புக் கேமரா, வானிலைக் கருவி, மின்கம்பி போகாத எல்லைக்காவல் நிலை போன்ற இடங்களுக்கு நூறு வாட் அளவில் கொடுக்கும் பெட்டிகளை அவர்கள் விற்கிறார்கள். ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 0.9 லிட்டர் மெத்தனால் ஆகிறது. ஒரு லிட்டருக்குள் ஏட்டுக்கணக்கில் இருப்பது 4.8 யூனிட். அதாவது கால்பங்குக்கும் குறைவுதான் கைக்கு வருகிறது. செண்பகத்தோப்புக்கு மேலே புலிகள் காப்பகத்துக்குள் வனத்துறை வைக்கும் கேமராவுக்கு மழைக்காலத்தில் சோலார் தகடு வேலை செய்யாத வாரங்களை நினைத்துப் பார்த்தால் இந்தக் கணக்கு அவ்வளவு மோசமாகத் தோன்றாது. தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் கப்பல்களுக்குப் பசுமை மெத்தனால் நிரப்ப 750 கன மீட்டர் கொள்ளளவில் ஒரு சோதனைக் கிடங்குக்கு 2025 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். எரிபொருள் இந்தப் பக்கம் வந்துகொண்டிருக்கிறது.

மின்வேதியியலையே முழுநேரமாகப் படிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல்: காரைக்குடி செக்ரியிலேயே அண்ணா பல்கலைக்கழக இணைப்போடு வேதி மற்றும் மின்வேதிப் பொறியியலில் பி.டெக். நடக்கிறது. உங்கள் தம்பி தங்கைகள் பிளஸ் டூவில் இருந்தால் சொல்லிவையுங்கள்.

பிளாட்டினத்துக்குப் பணம் வரும்வரை காத்திருக்கவேண்டாம். முதல் மாத வேலைக்கு அது தேவையே இல்லை. கரிக்கடையில் தூர்க்கரி ஒரு கிலோ, வீட்டில் உடைத்த சிரட்டை நான்கு, ஒரு மல்டிமீட்டர் போதும். மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் கரிமேல் வைத்து மின்தடையைக் குறித்துக்கொள்ளுங்கள். முள் அசையாவிட்டால் அதையும் குறியுங்கள். அதே துண்டை மூடிபோட்ட மண்மூசையில் கரித்தூளுக்குள் புதைத்து, கல்லூரியின் மஃபிள் உலையில் 900 டிகிரிக்கு ஏற்றி, ஆறவிட்டு, மறுபடி முனைகளை வையுங்கள். இன்னொரு துண்டில் சரியாக ஒரு கிராம் எடுத்து, திறந்த மூசையில் முழுக்க எரியவிட்டு, மிஞ்சும் சாம்பலை நிறுங்கள். அமிலத்தில் கழுவாத கரிக்கு ஒரு நிறை, கழுவிய கரிக்கு ஒரு நிறை. நோட்டில் மில்லிகிராமை எழுதும்போது பக்கத்தில் எந்த ஊர் மூட்டம், தூரா கிளையா, எந்த மாதம் வெட்டியது என்பதையும் எழுதிவையுங்கள். கரிக்கடைக்காரருக்கு அது தெரிந்திருக்கும், கேட்டால் சொல்வார்.

அன்புடன்,
ஒரு பழைய வேதியியல் மாணவர்